உலைக்கு ஒரு வசவு, பாலுக்கு ஒரு கொஞ்சல்

நாக்பூரைத் தாண்டிய ஒரு மத்தியானத்தில், ஓடுகிற வண்டியில் சாம்பாரைக் கொதிக்கவிட்டுத் தீயைக் குறைக்கப் போன காந்திமதியின் கையோடு அடுப்பின் குமிழ் கழன்று வந்துவிட்டது என்பதையும், அதற்குப் பிறகு அந்த அடுப்பின் தீ அவள் மனசு போன போக்கில் ஏறவும் இறங்கவும் செய்தது என்பதையும், பிரமநாயகத்தின் யாத்திரை வண்டியில் வந்தவர்கள் யாரும் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. காசிக்கும் பத்ரிக்கும் கிளம்பிய கூட்டம் அது. வழிநெடுக இதைவிடப் பெரிய அதிசயங்கள் காத்திருப்பதாக அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். டிக்கெட் வாங்கியதே அதற்குத்தான்.

அதை வண்டி என்பதைவிட வீடு என்பதுதான் சரி. அம்பாசமுத்திரத்துப் பிரமநாயகம் ஏலத்தில் எடுத்த பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, ரயிலில் இருப்பதுபோல மேலும் கீழுமாகப் படுக்கைகள் அடித்து, பின்பக்கத்தில் ஒரே ஒரு ஆள் நின்று திரும்பக்கூடிய இடத்தைத் தகரம் வைத்து மறித்து அடுக்களையாக்கி, அடுப்பை நட்டு போட்டு முடுக்கி, மலைக்குளிரில் சாதா கேஸ் மக்கர் பண்ணும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புரோப்பேன் சிலிண்டர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து சங்கிலியால் கட்டி வைத்திருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏறியவர்கள் அதிலேயே தின்று, தூங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, ஜன்னல் கம்பியில் ஈரப்புடவை காயப்போட்டு, ஆங்காங்கே இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்கள். எந்த ஊரில் இருந்தாலும் இலையில் நம்ம ஊர்ச் சோறு விழுந்துவிடும் என்பதுதான் அந்த வண்டியின் பெருமை.

அந்தச் சோற்றை ஆக்குவதற்காக வந்தவள் காந்திமதி. கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்த கை அவளுடையது. ஆனால் ஓடுகிற அடுப்பு அவளுக்குப் புதிது. பள்ளத்தில் இறங்கும்போது தீயைக் குறைக்க வேண்டும், மேட்டில் ஏறும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குறுக்கே வந்த மாட்டுக்காக டிரைவர் இசக்கிமுத்து பிரேக்கை மிதித்தால் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் ஒத்துக்கொண்டு அவள் வந்தது மகள் செண்பகவல்லிக்காக. செண்பகத்துக்குத் தலைப்பிரசவம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், செலவுக்கு ஆள் கிடையாது. காந்திமதிக்குப் புருஷன் என்று இருந்தவர், ஒருநாள் காலையில் அவள் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தபோது, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி அவளுடைய குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மழையும் வரவில்லை, அவரும் வரவில்லை. அதனால் மகளை அண்ணன் வீட்டில் மதினியின் பொறுப்பில் விட்டு, தன்னிடமிருந்த ஒரே போனையும் அவள் கையில் கொடுத்து, "அம்மாகிட்ட பேசணும்னா மொதலாளி நம்பருக்குப் போடு தாயி" என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

"ஆனி பொறக்குமுன்ன ஒன்னக் கொண்டாந்து ஒன் வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுருதேன் காந்தி. பத்ரிநாதர் மேல சத்தியம்" என்று பிரமநாயகம் சொல்லியிருந்தார். பிள்ளை பிறக்கும்போது தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. பிரசவ அறை வாசலில் நின்று, உள்ளே மகள் அம்மா என்று கத்துகிறபோது இங்கேதாண்டி இருக்கேன் என்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

தீ மனசுக்குக் கட்டுப்பட்டது என்று முதலில் கண்டுபிடித்தவர் ஆவுடையாச்சி. சம்பந்தி வீட்டைப் பற்றியும் சாம்பாரைப் பற்றியும் சத்தமாக அபிப்பிராயம் சொல்வதற்கென்றே பிறந்த அந்தப் பெரிய மனுஷி, குமிழ் கழன்ற அன்று சாயங்காலம், தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "இது ரசமாட்டி, பாத்திரங் களுவுன தண்ணியா?" என்று கேட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தீ விசுக்கென்று எழுந்து வண்டியின் கூரையை நக்கியது. இசக்கிமுத்து வண்டியை ஓரங்கட்டினான், எல்லாரும் தலைதெறிக்கக் கீழே குதித்தார்கள், ஆவுடையாச்சி மட்டும் பருத்த உடம்போடு நகர முடியாமல், "சும்மா சொன்னேம்ட்டி, அமிர்தமால்லா இருக்கு!" என்று அலறினார். தீ மடங்கிச் சின்ன மொட்டாகி அடுப்புக்குள் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்த அன்றைய ரசத்தைப் போல ஒரு ரசத்தைத் தாங்கள் குடித்ததே இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிரமநாயகம் ஜபல்பூரில் வேறு அடுப்பு வாங்கிப் பார்த்தார். அவள் பற்றவைத்ததும் அதுவும் அப்படித்தான் எரிந்தது. வேறு யாராவது பற்றவைத்தால் எரியவே இல்லை. கடைசியில் ரிப்பேர்க்காரன் ஒருவன் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, நிறை சிலிண்டர் அப்படியே இருக்கிறதே, நீங்கள் இன்னும் சமைக்கவே ஆரம்பிக்கவில்லையா என்று இந்தியில் கேட்டான். பிரமநாயகமும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். கேஸ் செலவாகவே இல்லை. அதற்குப் பிறகு அடுப்பை மாற்றுவது பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. பழைய அடுப்பையே திரும்பவும் முடுக்கச் சொல்லிவிட்டு, புதியதை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டார்.

கூட்டத்தில் படித்த மனுஷர் தாணுமூர்த்தி. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் அவருக்கு. இப்படி ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினால் ஒருநாள் வண்டியே எரிந்துபோகும் என்று சொல்லி, காலையில் இன்னார் திட்டுவது, மாலையில் இன்னார் கொஞ்சுவது என்று முறை வைத்தார். எது எவ்வளவு எரியும் என்பதைக் கூட்டம் சீக்கிரமே கற்றுக்கொண்டது. சமையலைக் குறை சொன்னால் பொரியலுக்கு வேண்டிய அளவு எரியும். சாதியைச் சாடைமாடையாக இழுத்தால் பருப்பு வெந்துவிடும். குடையோடு போன புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை விட்டால் உலை பொங்கும். பாலுக்கும் பாயசத்துக்கும் ஒரே வழிதான்: பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, செண்பகத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். அப்போது தீ அவ்வளவு பக்குவமாக, அவ்வளவு பொறுமையாக, பால் அடிப்பிடிக்காமல் ஆடை கட்டும்படி எரியும்.

முறைக்காரர்கள் மனசாட்சி உள்ளவர்கள். திட்டிவிட்டு உள்ளுக்குள் வருத்தப்பட்டார்கள். பந்தியில் உட்கார்ந்ததும் மறந்தார்கள். "எல்லாம் உன் நன்மைக்குத்தாம்மா, அடுப்பு எரியணும்லா?" என்று தாணுமூர்த்தி அவளிடம் விளக்கமும் சொன்னார். வசவு அடுப்புக்காக என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது, தெரிந்தும் சுட்டது. கொஞ்சலும் அடுப்புக்காகத்தான் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. சாயங்காலமானால் ஆவுடையாச்சி வந்து, "செம்பகத்துக்கு மசக்கை விட்டுச்சாட்டி? பிள்ள அசையுதாமா?" என்று கேட்பதை அவள் பகலெல்லாம் எதிர்பார்த்துக் கிடந்தாள். பெரிய இடத்து மனுஷி தன் மகளைப் பற்றி இத்தனை கரிசனமாகக் கேட்கிறாரே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிடும்.

ஒருநாள், காசியை நெருங்கிக்கொண்டிருந்த சமயம், செண்பகம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாங்கொட்டையைப் புதைத்துவிட்டு அது முளைக்கிற வரைக்கும் பக்கத்திலேயே பாய்விரித்துப் படுத்திருந்த கதையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி சொல்லும்போதே பால் காய்ந்துவிட்டது, இறக்கி வைத்தாள். "இறக்கிட்டியா? சரி" என்று ஆவுடையாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து தன் படுக்கைக்குப் போய்விட்டார். மாங்கொட்டை முளைத்ததா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை. காந்திமதி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தகரத் தடுப்பைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எல்லாருக்கும் பால் ஆற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் திட்டுமுறைக்காரர் வந்தபோது, "நீங்க சிரமப்பட வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவளே அடுப்பின் முன் நின்று, உலைக்கு வேண்டிய நினைப்பை உலைக்கும், பாலுக்கு வேண்டிய நினைப்பைப் பாலுக்கும் எடுத்து எரித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நிம்மதி. காசியில் மூழ்கி எழுந்தார்கள், கயையில் பிண்டம் போட்டார்கள், அங்கே பிடித்த காயில் ஒன்றையும் பழத்தில் ஒன்றையும் விட்டுவிட வேண்டும் என்ற வழக்கப்படி ஆவுடையாச்சி பீர்க்கங்காயையும், சர்க்கரை நோய்க்காரரான தாணுமூர்த்தி சப்போட்டாவையும் பெரிய மனசு பண்ணி விட்டார்கள். காந்திமதிக்கு ஆற்றுக்குப் போகவே நேரம் கிடைக்கவில்லை. எண்ணிக்கையில்லாத முன்னோர்கள் கரையேறிக்கொண்டிருக்க, அவள் வண்டிக்குள் நின்று தன் புருஷன் குடையை எடுத்துக்கொண்டு போன காலையை எரித்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரே நினைப்பை எத்தனை நாளைக்கு எரிப்பது? அந்தக் காலை நேரம் கொஞ்சங்கொஞ்சமாக மங்கிப்போனது. முதலில் உலை பொங்கியது, பிறகு கொதித்தது, பிறகு வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. கடைசியில் புருஷன் போனதை நினைத்தால் யாரோ ஒரு ஆள் யாரோ ஒருத்தியின் குடையை எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. அடுத்து, அப்பன் செத்தபோது அண்ணன்மார் தன்னைக் கேட்காமல் பிணத்தை எடுத்ததை எரித்தாள். அதுவும் தீர்ந்தது. கல்யாண வீட்டில் நகை காணோம் என்று தன் மடியைச் சோதித்தார்களே, அதை எரித்தாள். பாலுக்குச் செண்பகத்தின் முதல் பல்லை எரித்தாள், முதல் நடையை எரித்தாள், அம்மை போட்டுப் பிழைத்து எழுந்து கஞ்சி கேட்ட அந்தக் குரலை எரித்தாள். தீர்ந்த நினைப்பு தீர்ந்ததுதான், மறந்துபோகாது, ஆனால் எரியாது. சிலிண்டர் மட்டும் நிறைசிலிண்டராகவே இருந்தது.

தீ தளர்வதைப் பார்த்துக் கூட்டம் கவலைப்பட்டது. அலகாபாத்தில் தாணுமூர்த்தி ஒரு யோசனை செய்து, படித்துறையில் அவள் புருஷனை வேறொரு பொம்பிளையோடு பார்த்ததாக வந்து சொன்னார். தீ எழும்பியது, அன்று சோறும் கூட்டும் அப்பளமும் ஜோராக வெந்தன. "கையில குடை இருந்துச்சா சார்?" என்று காந்திமதி கேட்டாள். இருந்தது என்று சொல்லி அவர் நாலு கவளம் அதிகமாகவே சாப்பிட்டார். அது பொய் என்று பிறகு இசக்கிமுத்து சொன்னான். இனிமேல் இந்த வண்டியில் யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை என்று காந்திமதி முடிவு செய்துகொண்டாள்.

வண்டி மலையேறியது. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் ஆறு, நடுவில் இசக்கிமுத்து. குளிரில் அரிசி வேக மறுத்தது, பருப்பு கல்லாகவே கிடந்தது. ருத்ரபிரயாகையில் டீ குடிக்க நிறுத்தியபோது பிரமநாயகத்தின் போன் அடித்தது. காந்திமதியின் மதினி. நாள் இருக்கும்போதே செண்பகத்துக்கு வலி வந்துவிட்டது, ஜன்னியும் கண்டிருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அம்மா அம்மா என்று அரற்றுகிறாள், அவளை எப்படியாவது ஏற்றிவிடுங்கள் அண்ணாச்சி என்று மதினி அழுதாள். பிரமநாயகம் டீயை வைத்துவிட்டு எழுந்தார். அவர் நேராக அடுக்களைக்குப் போயிருக்கலாம். தாணுமூர்த்தியிடம் போனார்.

"இப்பச் சொன்னா என்ன ஆகும்?" என்று தாணுமூர்த்தி கேட்டார். "மொதல்ல வண்டி எரியும். எரியலைன்னு வைங்க, அவ இறங்கிப் போயிருவா. பத்ரிக்குப் போற வழியில, இந்தக் குளிர்ல, நாம எல்லாரும் ரொட்டியத் தின்னுக்கிட்டா போறது?"

"பிள்ளைய இப்பப் போய்ப் பாக்கணும்ங்கால்லா அவ மதினி?" என்றார் பிரமநாயகம்.

"பாக்கட்டும், வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆவுடையாச்சி. "தலைச்சன் பிரசவம்னா நாலு சத்தம் கேக்கத்தாஞ் செய்யும். நான் பெறலையா? நாளைக்கிப் போன் வரும், பேரன் பொறந்துருக்கான்னு. சுகமாச் சொல்லிக்கிடலாம்."

பிரமநாயகம் அதை நம்ப விரும்பினார், நம்பினார். அன்று சாயங்காலம் பீபல்கோட்டியில் வண்டி நின்றது. குளிருக்கு எல்லாருக்கும் சூடாகப் பால் வேண்டியிருந்தது, காந்திமதியின் தீயோ சுடர் கட்டாமல் அணைவதும் எரிவதுமாகத் திணறியது. அப்போதுதான் ஆவுடையாச்சி, பல நாளைக்குப் பிறகு, தகரத் தடுப்பைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி காந்தி, பிள்ள பொறந்தா என்ன பேரு வைக்கப் போற?"

பால் காய்வதற்காகத்தான் கேட்கிறார் என்று காந்திமதிக்குத் தெரியும். தெரிந்தும், அது அவள் இதுவரைக்கும் எரிக்காத ஒன்று. யாரும் கேட்காததால் மிச்சமிருந்த ஒன்று. ஆண் என்றால் சொரிமுத்து, பெண் என்றால் தன் அம்மா பேர், உலகம்மை என்று சொன்னாள். உலகம்மைக்கு ஒரு வெள்ளி அரைஞாண் வாங்க வேண்டும், அவளுக்குத் தானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், மருமகன் கோபித்தாலும் சரி, ஒரு வருஷம் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். தீ கைக்கடக்கமாக, நீலமாக, ஒரு தும்பைப்பூவைப் போல நின்று எரிந்தது. அப்படி ஆடை கட்டிய பாலை வண்டியில் அதற்கு முன் யாரும் குடித்ததில்லை. பிரமநாயகம் மட்டும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு ஆறிப்போவதற்குள் குடித்தார்.

மறுநாள் காலையில் மலை சரிந்து பாதை அடைபட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள், சாரல், பசியோடு ஜனங்கள். பத்ரியில் போடுவதாக நேர்ந்துகொண்ட அன்னதானத்தை இங்கேயே போட்டால் புண்ணியம் இரட்டிப்பு என்று தாணுமூர்த்தி முடிவுசெய்தார். நூறு பேருக்கு வேகிற அண்டா அடுக்களைக்குள் கொள்ளாது என்பதால் இசக்கிமுத்து அடுப்பின் நட்டுகளைக் கழற்றி ரோட்டோரத்தில் இறக்கி, டியூபை நீட்டிப் பொருத்தினான். அந்த நேரத்தில்தான் பிரமநாயகத்தின் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை மதினி அழவில்லை. பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. செண்பகம் விடியற்காலையில் போய்விட்டாள். எடுப்பதற்கு அம்மாவுக்காகக் காத்திருக்கவா வேண்டாமா என்று மட்டும் கேட்டாள்.

அவர் தாணுமூர்த்தியைப் பார்த்தார். தாணுமூர்த்தி அண்டாவைப் பார்த்தார். அதில் காந்திமதி தண்ணீரை நிரப்பி அரிசியும் போட்டுவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்ததையெல்லாம் துழாவித் துழாவி எரித்துக்கொண்டிருந்தாள். தீ ஓரமாக மட்டும் எரிந்தது, தண்ணீர் சுட்டதே தவிரக் கொதிக்கவில்லை. "எப்படியும் சொல்லித்தான ஆகணும்" என்றார் தாணுமூர்த்தி, மெல்ல. "இப்பச் சொன்னா அவளுக்கும் தெரிஞ்சமாதிரி ஆச்சு, ஒலையும் பொங்குனமாதிரி ஆச்சு. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டியப் பின்னால எடு இசக்கி."

எல்லாரும் தள்ளி, வட்டமாக நின்றார்கள். பிரமநாயகம் வட்டத்துக்குள் போய்ச் சொன்னார்.

காந்திமதி அகப்பையை எடுத்துக் கிண்டினாள். "இன்னைக்கு இதுவா?" என்றாள். "நேத்துதான அண்ணாச்சி, பேரு கேட்டு விட்டிய. அதுவே இன்னும் கொஞ்சம் இருக்கு. இந்தமாதிரிப் பேச்சு வேண்டாம், வயித்துப்பிள்ளக்காரி."

"சத்தியமாச் சொல்லுதேன் காந்தி."

"நீங்க பண்ணாத சத்தியமா?"

அவர் போனைப் போட்டு அவள் காதில் வைத்தார். மதினியின் குரலையும், அதற்குப் பின்னால் நாலைந்து பொம்பிளைகளின் ஒப்பாரியையும், இடையில் புதிதாகப் பிறந்த ஒரு குழந்தை வீரிட்டதையும் அவள் கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அடுப்பின் மேல் இருந்தது. அவளும் அடுப்பைத்தான் பார்த்தாள். தீ ஓரமாக, முன்பு எரிந்தமாதிரியே எரிந்துகொண்டிருந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. மகள் செத்ததைவிட அது அவளுக்குப் பயமாக இருந்தது.

வட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "பெத்த பிள்ள போயிருக்கா" என்றார் ஆவுடையாச்சி, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. "கொஞ்சமாச்சும் அசைய வேண்டாம்? என்ன வயிறுட்டி ஒனக்கு!" அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர் வந்தது. நாங்கள் எல்லாம் எவ்வளவு ஆசையாக விசாரித்தோம் அந்தப் பெண்ணை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

"எப்ப?" என்று காந்திமதி கேட்டாள்.

இசக்கிமுத்துதான் சொன்னான். "உயிர் போனது காலையிலக்கா. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, ஒங்கள வரச்சொல்லுதான்னு போன் வந்தது நேத்து மத்தியானம். எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"மத்தியானம்" என்றாள் அவள். ஆவுடையாச்சியைப் பார்த்தாள். "சாயங்காலந்தான பேரு கேட்டிய?"

ஆச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போதாவது எரியும் என்று கூட்டம் இன்னொரு எட்டுப் பின்னால் வைத்தது. எரியவில்லை. காந்திமதி குனிந்து, குமிழ் இல்லாத அந்த மொட்டைக் கம்பியை முந்தானையால் பிடித்துத் திருகினாள். நாக்பூரிலிருந்து யார் திருகியும் அசையாதது, எந்த வீட்டு அடுப்பும் மூடுவதுபோலத் திரும்பி மூடிக்கொண்டது. தீ அணைந்தது. அரிசி பாதி வெந்திருந்தது. அவள் வண்டிக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு, பாதை திரும்பிக் கீழே ஜீப்புகள் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.

அவள் கொஞ்சதூரம் போனபிறகுதான் கூட்டத்துக்கு நிலைமை உறைத்தது. தாணுமூர்த்தி நாலைந்து தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்துவிட்டு, முறை வைப்பதையெல்லாம் மறந்து, முதல் ஆளாகக் கத்தினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நன்றி கெட்டவள், நூறு பேர் வயிற்றில் அடித்துவிட்டுப் போகிறவள், புருஷன் சும்மாவா விட்டுட்டுப் போனான், மகளைக் கொன்ற மூதேவி என்று தெரிந்த வசவையெல்லாம் அவள் முதுகுக்கு எறிந்துவிட்டு, ஒவ்வொரு வசவுக்கும் திரும்பி அடுப்பைப் பார்த்தார்கள். அடுப்பு அசையாமல் போகவே குரலை மாற்றிக்கொண்டார்கள். "காந்தி, எங் கண்ணுல்லா, ஒரு கொதி, ஒரே ஒரு கொதி மட்டும் குடுத்துட்டுப் போ தாயி" என்று ஆவுடையாச்சி மன்றாடினார். மலையில் பட்டு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் அவள் காதில் விழுந்தது.

இசக்கிமுத்து ஓடிவந்து அவள் பையை வாங்கிக்கொண்டான். ஜீப்காரனிடம் அரைகுறை இந்தியில் பேசி, அவளை முன்சீட்டில் ஏற்றி, ஹரித்துவார் வரைக்கும் இறங்கக் கூடாது, அங்கிருந்து ரயில், யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள் என்று சொல்லிக்கொடுத்தான். வளர்ந்த ஆம்பிளை, ரோட்டில் நின்று விம்மி விம்மி அழுதான். அவள் கண் வறண்டுபோய் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அழுதுருங்கக்கா" என்றான். "வாய்விட்டு அழுதுருங்க. இப்படி இருக்காதிய, பயமாருக்கு."

"எத வச்சு அழ இசக்கி?" என்றாள் காந்திமதி. "இருந்தத எல்லாம் ஒங்களுக்குப் பொங்கிப் போட்டுட்டேம்லா."